ஆரம்

புதுவயல் மில்லில் அந்தப் பாய்லரைத் தூக்கியது
சித்திரை பதினொன்று, காலை பத்தே கால்.
தகட்டில் அடித்திருந்த எடை ஏழு டன்.
எங்களுடையது இருபது டன் வண்டி.
ஏழு எங்கே, இருபது எங்கே என்று
டீ குடித்துக்கொண்டே சிரித்தோம்.

இருபது என்பது
பாரத்தை மடியில் வைத்துக்கொள்ளும்போது மட்டும்.
கை நீட்ட நீட்டக் குறையும்.
இடுப்பில் குடத்தோடு ஊருணியிலிருந்து நடக்கிறவளிடம்
அதே குடத்தைக் கை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள்,
தெருமுனை தாண்டமாட்டாள்.
அந்தத் தூரத்துக்கு அட்டவணையில் பெயர் ஆரம்.
கழுத்தில் போடுவதற்கும் அதே சொல்தான்.
மூன்று மீட்டரில் இருபது,
ஏழு மீட்டரில் எட்டு.
நெல் ஊறவைக்கும் தொட்டி குறுக்கே நின்றது,
ஏழுக்குள் வண்டி நெருங்கவில்லை.
எட்டுக்குள் ஏழு அடங்கும். கணக்கு சரி.

நான் கைகாட்டி.
ஒரு விசில், மஞ்சள் தொப்பி, இரண்டு கை.
கேபினில் பொன்னழகு.
அவன் தலைக்கு மேல் ஒரு பஸ்ஸர் உண்டு,
பாரம் மிஞ்சினால் அலறும்.
ஏதோ பாலத்து வேலையில் ஓயாமல் அலறுகிறதென்று
யாரோ ஒயரைப் பிடுங்கி
முனையில் டேப் சுற்றியிருந்தார்கள்,
ஷாக் அடிக்காமல், பத்திரமாக.

வலது பின்காலுக்குப் பலகை போட்டேன்.
பலகைக்குக் கீழே செம்மண்.
செம்மண்ணுக்குக் கீழே முப்பது வருஷத்து உமிச்சாம்பல்
என்பதை மேனேஜர் வயிரவன் பிறகு சொன்னார்.
"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."
உண்மை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

கயிறு பிடிக்கப் பாக்கியநாதன்.
பள்ளத்தூர்ப் பையன், வேலைக்கு வந்து ஆறு நாள்.
பாய்லர் சுழலாமல் இருக்க நுனியில் கட்டிய கயிறு.
உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டான்.
"என்ன ஆனாலும் விடாதே" என்றேன்.

தரையிலிருந்து ஒரு சாண்.
ஒரு முழம்.
பூம் திரும்பத் தொடங்கியது.
அப்போதுதான் இடது முன்காலைப் பார்த்தேன்.
காலுக்கும் பலகைக்கும் நடுவே
வெயில் தெரிந்தது,
ஒரு சீட்டு நுழையும் அளவு வெயில்.
முஷ்டி மடக்கினேன்.
எனக்குப் பின்னால் முதலாளியின் தம்பி சோலையப்பன்
"தூக்கு, தூக்கு, தொட்டியில இடிக்குது" என்று
இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தார்.
பொன்னழகு கண்ணுக்கு நாலு கை.
நல்ல டிரைவர், முஷ்டியைத்தான் நம்பினான்.
அரை நொடி கழித்து நம்பினான்.

சத்தம் கோட்டையூர் வரை கேட்டது என்கிறார்கள்.
எனக்குக் கேட்டதாக நினைவில்லை.
பாய்லரின் அடிமூடி தெறித்துத் தண்ணீர் கொட்டியது.
போன பருவத்துத் தண்ணீர்,
துருவும் புழுங்கல் வாசமுமாக.
அரை மணி நேரம் கொட்டியது.
காலி என்று காட்டியது அளவுக் கண்ணாடி.
உப்புப் படிந்து அது குருடாகி எத்தனை நாளோ.
பத்து டன்னைத் தூக்கியிருக்கிறோம்.

பாக்கியநாதன் கயிற்றை விடவில்லை.

ஆய்வாளர் படிவத்தோடு வந்தார்.
எடை, ஆரம், தரை, பஸ்ஸர், சைகை,
எல்லாக் கட்டமும் நிரம்பியது.
நான் அவனிடம் சொன்ன மூன்று வார்த்தைக்குக்
கட்டம் இல்லை.
சொல்லிப் பார்த்தேன். பேனாவை மூடிவிட்டார்.

இப்போதும் கைகாட்டிதான்.
கயிறு பிடிக்க வருகிறவனிடம்
பெயர் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்:
கையில் சுற்றாதே. சந்தேகம் வந்தால் விட்டுவிட்டு ஓடு.
எதைத் தூக்குமுன்னும் ஸ்பேனரால் ஒரு தட்டு.
காலி இரும்பு மணி மாதிரிப் பேசும்,
உள்ளே எதையாவது வைத்திருக்கும் இரும்பு முனகும்.
வீட்டில் காஸ் சிலிண்டரையும் தட்டுகிறேன்.
அரிசி டின்னை, மொட்டைமாடித் தொட்டியை.
"அதுல என்னத்தத் தேடுறீங்க" என்கிறாள் மரகதம்.

பள்ளத்தூர் வழியாகப் பஸ் போகும்போது மட்டும்
ஜன்னல் கம்பியில் கிடக்கும் கை
தானாக மடங்கி
முஷ்டியாகிவிடுகிறது.
டிரைவர் அதைப் பார்ப்பதில்லை.